ஒரே கடி, ரெண்டு தீர்ப்பு: கால்பந்தில் தண்டனையின் வரலாறு

எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோடை ரெண்டு கடியில இருந்து ஆரம்பிக்கலாம். நான் வழக்கமா போடுற மொக்கைக் கடி இல்ல. நிஜமான பல்லு, நிஜமான கை.

முதல் கடி, 2006 அக்டோபர். லண்டனில் டாட்டன்ஹாமுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் மேட்ச். வெஸ்ட் ஹாமின் ஹவியர் மஸ்கெரானோ ஒரு முரட்டு டேக்கிள் போடுறார். கீழே விழுந்த ஜெர்மைன் டெஃபோ எழுந்து வந்து, மஸ்கெரானோவோட கையைக் கடிச்சுடுறார். ரெஃப்ரி ஓடி வந்து டெஃபோவுக்கு மஞ்சள் கார்டு காட்டுறார். அவ்வளவுதான். ஒரு மேட்ச் தடை கூட இல்ல.

ரெண்டாவது கடி, 2013 ஏப்ரல். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம், எதிரணி செல்சி. லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸ், செல்சியின் இவானோவிச்சோட கையைக் கடிக்கிறார். ரெஃப்ரி கண்ணில் அது படவே இல்ல. கார்டு கிடையாது. அது மட்டுமில்ல, கடைசி நிமிஷத்துல தலையால முட்டி கோல் போட்டு மேட்சை 2-2ன்னு சமன் செய்ததும் அதே சுவாரெஸ்தான். ஆனா அந்த வாரமே அவருக்கு 10 மேட்ச் தடை வந்தது.

ஒரே லீக், ஒரே சங்கம், ஒரே மாதிரி குற்றம். ஒருத்தருக்கு மஞ்சள் கார்டு, இன்னொருத்தருக்கு 10 மேட்ச். சாஃப்ட்வேர் எழுதுற எனக்கு இதைப் பார்த்ததும் வர்ற முதல் கேள்வி: ஒரே இன்புட் கொடுத்தா ஒரே அவுட்புட் வரணுமே, எங்க உடையுது? சுவாரெஸ் ஏற்கெனவே ஒரு தடவை கடிச்சவர்ங்கிறது உண்மை. 2010ல நெதர்லாந்தில் அயாக்ஸ் அணிக்கு ஆடும்போது ஒரு பிஎஸ்வி வீரரைக் கடிச்சு 7 மேட்ச் தடை வாங்கினார். ஆனா அதை மட்டும் வெச்சு இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. டெஃபோ வழக்கு விசாரணைக்கே போகல. ஏன்னா ரெஃப்ரி பார்த்துட்டார், கார்டு கொடுத்துட்டார், கதை முடிஞ்சது. ரெஃப்ரி பார்த்து முடிவெடுத்த விஷயத்தைச் சங்கம் திரும்பத் திறக்கக் கூடாதுங்கிறதுதான் அன்றைய நடைமுறை.

அதாவது, ரெஃப்ரி பார்த்ததால் டெஃபோ தப்பிச்சார். ரெஃப்ரி பார்க்காததால் சுவாரெஸ் மாட்டினார். கேக்கவே விசித்திரமா இருக்குல்ல? இந்த விசித்திரம் எப்படி வந்ததுன்னு புரியணும்னா ஒரு அறுபது வருஷம் பின்னாடி போகணும்.

1962: கார்டு இல்லாத காலம்

1962 ஜூன் 2, சிலியின் தலைநகர் சாண்டியாகோ. உலகக் கோப்பை. சிலியும் இத்தாலியும் மோதிய இந்த ஆட்டத்துக்கு 'சாண்டியாகோ போர்'னே பேர். முதல் ஃபவுல் விழ 12 செகண்ட்தான் ஆச்சு. எட்டாவது நிமிஷத்துலயே இத்தாலியின் ஃபெர்ரினியை ரெஃப்ரி வெளியேத்துறார். அவர் போக மறுக்க, போலீஸ் உள்ளே வந்து இழுத்துட்டுப் போக வேண்டியதாச்சு.

இப்போ சிலியின் லியோனல் சாஞ்செஸைக் கவனிங்க. கீழே கிடந்த தன்னை உதைச்ச இத்தாலியின் மரியோ டேவிட்டை எழுந்து ஒரு குத்து விடுறார். ரெஃப்ரி ஒண்ணும் செய்யல. கொஞ்ச நேரத்துல டேவிட் பதிலுக்கு சாஞ்செஸோட கழுத்துப் பக்கம் காலைத் தூக்குறார். டேவிட் வெளியே. அப்புறம் சாஞ்செஸ் இன்னொரு இத்தாலிய வீரர் மஸ்கியோவோட மூக்கையும் உடைச்சார். அதுக்கும் தண்டனை இல்ல. சாஞ்செஸ் அப்பா ஒரு குத்துச்சண்டை வீரர்ங்கிறது கூடுதல் தகவல்.

முடிவு, ரெண்டு இத்தாலிக்காரங்க வெளியே, சிலிக்கு 2-0 வெற்றி, சாஞ்செஸ் தொடர்ந்து ஆடினார். அந்தத் தொடரில் அதிக கோல் அடிச்ச ஆறு பேரில் அவரும் ஒருத்தர். ஆளுக்கு 4 கோல். அந்த மேட்ச்சின் ரெஃப்ரி இங்கிலாந்தைச் சேர்ந்த கென் ஆஸ்டன். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவார்.

அதே தொடர், ஜூன் 13, அரையிறுதி. பிரேசில், சிலி. பெலே காயத்தால் உட்கார்ந்துட்டார், அதனால பிரேசிலைத் தோளில் சுமந்தவர் காரிஞ்சா. அந்த மேட்ச்லயும் ரெண்டு கோல் அடிச்சார். ஆட்டம் முடியப்போற நேரத்துல, ஒரு சிலி வீரரை உதைச்சதுக்காக வெளியேத்தப்பட்டார். இன்னைக்கு விதிப்படி இறுதிப் போட்டி கிடையாது, வீட்டுக்குப் போகலாம். ஆனா அன்னைக்கு 'வெளியேத்தினா தானாகவே அடுத்த மேட்ச் தடை'ங்கிற விதி இல்ல. ஒவ்வொரு வழக்கையும் ஒரு குழு உட்கார்ந்து தனித்தனியா முடிவு செய்யும். அந்தக் குழு காரிஞ்சாவை எச்சரிச்சு விட்டுடுச்சு. எப்படி, யார் யாரிடம் பேசினாங்கன்னு இன்னைக்கும் நூறு கதை சொல்றாங்க. உறுதியா தெரிஞ்சது இதுதான்: ஜூன் 17ல நடந்த இறுதிப் போட்டியில் காரிஞ்சா ஆடினார், செக்கோஸ்லோவாக்கியாவை 3-1ன்னு ஜெயிச்சு பிரேசில் கோப்பையைத் தூக்கினது.

இங்க பிரச்சினை ஒரு கெட்ட முடிவு மட்டும் இல்ல. முடிவு எடுக்க ஒரு அளவுகோலே இல்லாததுதான் பிரச்சினை. அளவுகோல் இல்லாத இடத்துல ஆள் யாருங்கிறதுதான் அளவுகோல் ஆகிடும்.

டிராஃபிக் சிக்னலில் பிறந்த யோசனை

நாலு வருஷம் கழிச்சு, 1966 ஜூலை 23, லண்டன் வெம்ப்ளி. காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும். ரெஃப்ரி மேற்கு ஜெர்மனியின் ருடால்ஃப் க்ரைட்லைன். அர்ஜென்டினா கேப்டன் ரட்டினை அவர் வெளியேத்துறார். ரட்டினுக்கு ஜெர்மன் தெரியாது, ரெஃப்ரிக்கு ஸ்பானிஷ் தெரியாது. ரட்டின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு அங்கேயே நிக்கிறார். ஆட்டம் பல நிமிஷம் நின்னுபோச்சு. அவரைச் சமாதானம் செய்ய ஓரத்துல இருந்து இறங்கி வந்தவர் யார் தெரியுமா? நம்ம கென் ஆஸ்டன். இந்தத் தடவை ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாளர்.

இதுல இன்னொரு கூத்து. இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் பாபியும் ஜாக்கும் எச்சரிக்கப்பட்டாங்கன்னு மறுநாள் பேப்பர்ல வருது. இங்கிலாந்து அணிக்கே அது பேப்பர் பார்த்துதான் தெரியும். தண்டனை வாங்கினவனுக்கே தண்டனை வாங்கினது தெரியலேன்னா அந்தச் சட்டத்தை வெச்சு என்ன பண்றது?

ஆஸ்டன் கார்ல வீட்டுக்குத் திரும்பும்போது லண்டன் கென்சிங்டன் பகுதியில் சிக்னல்ல நிக்கிறார். மஞ்சள்னா நிதானம், சிவப்புன்னா நில்லு. இதுக்கு எந்த மொழியும் தேவையில்லையேன்னு தோணுது. மஞ்சள், சிவப்பு கார்டு பிறந்தது அப்படித்தான். 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் கார்டுகள் வந்தன. அந்தத் தொடரில் சிவப்பை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே வரல. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு கார்டு 1974ல, மேற்கு ஜெர்மனிக்கு எதிரா ஆடின சிலியின் கஸெலிக்கு.

கார்டு ஒரு பெரிய விஷயத்தைத் தீர்த்து வெச்சது: தண்டனை எல்லாருக்கும் கண்ணால தெரிய ஆரம்பிச்சது. ஆனா எதுக்கு எந்த கார்டு, ரெஃப்ரி பார்க்காத விஷயத்துக்கு என்ன, மைதானத்துக்கு வெளியே எவ்வளவு நாள் தடை, இந்த மூணு கேள்வியும் அப்படியே நின்னது.

பார்க்கலேன்னா நடக்கவே இல்லையா?

1982 ஜூலை 8, ஸ்பெயினின் செவிய்யா. மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் மோதின அரையிறுதி. பந்தை நோக்கித் தனியா ஓடி வர்றார் பிரான்ஸின் பத்திஸ்தோன். ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் எகிறிக் குதிச்சு, உடம்பைத் திருப்பி அவர் முகத்துல மோதுறார். பத்திஸ்தோன் நினைவில்லாம விழுந்தார். பல்லு உடைஞ்சது, முதுகெலும்பில் அடி. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க.

ரெஃப்ரி கொடுத்த முடிவு கோல் கிக். கார்டு இல்ல, ஃபவுல் கூட இல்ல. ஆட்டம் 3-3ல முடிஞ்சு பெனால்டிக்குப் போனது. அதுல ரெண்டு கிக்கைத் தடுத்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனது அதே ஷூமாக்கர். உலகமே டிவில பார்த்த விஷயத்தைத் தண்டிக்க வழியில்லாம இருந்த காலம் அது.

பன்னிரண்டு வருஷத்துல நிலைமை மாறுது. 1994 அமெரிக்க உலகக் கோப்பை, காலிறுதியில் இத்தாலியும் ஸ்பெயினும். பந்து எங்கயோ இருக்கும்போது இத்தாலியின் தஸ்ஸோத்தி முழங்கையால ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கே மூக்கை உடைக்கிறார். சட்டை முழுக்க ரத்தம். ரெஃப்ரி பார்க்கல, இத்தாலி 2-1ன்னு ஜெயிச்சது. ஆனா மேட்ச் முடிஞ்சதும் ஃபிஃபா வீடியோவை எடுத்துப் பார்த்து, தஸ்ஸோத்திக்கு 8 மேட்ச் தடை போட்டது. அதுக்கப்புறம் அவர் இத்தாலிக்கு ஆடவே இல்ல.

இது முன்னேற்றம்தான், சந்தேகமே இல்ல. ஆனா ஸ்பெயின் ரசிகர் பக்கம் நின்னு பாருங்க. தண்டனை தஸ்ஸோத்திக்கு, நஷ்டம் ஸ்பெயினுக்கு. அன்னைக்கு கிடைச்சிருக்க வேண்டிய பெனால்டியை எந்த விசாரணைக் குழுவும் திருப்பித் தர முடியாது. இத்தாலி இறுதிப் போட்டி வரைக்கும் போச்சு. அந்த இறுதிப் போட்டிக்கும் அதே ரெஃப்ரிதான், ஹங்கேரியின் சாந்தோர் புல்.

"இவனை வெச்சு ஒரு பாடம்"

தண்டனையில் இன்னொரு பழக்கம் இருக்கு. செய்த தப்புக்கு எவ்வளவுன்னு பார்க்காம, பார்க்கிற ஊருக்கு என்ன பாடம்னு பார்க்கிறது.

1974ல இங்கிலாந்தில் சேரிட்டி ஷீல்டு ஆட்டம். லிவர்பூலின் கெவின் கீகனும் லீட்ஸின் பில்லி ப்ரெம்னரும் கைகலப்பில் இறங்கி வெளியேத்தப்பட்டாங்க. போகும்போது ரெண்டு பேரும் சட்டையைக் கழட்டிட்டாங்க. டிவில நேரடியா போய்ட்டிருந்தது. மைதானங்களில் ரசிகர் வன்முறை பெரிய தலைவலியா இருந்த நேரம். ஆளுக்கு 11 மேட்ச் தடை, 500 பவுண்ட் அபராதம். அந்த 11ல வெளியேத்தப்பட்டதுக்கு 3 மேட்ச்தான். மீதி எட்டும் விளையாட்டோட பேரைக் கெடுத்ததுக்கு. சண்டையை விட சட்டைக்கு விலை அதிகம்!

அடுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1995 ஜனவரி 25, கிரிஸ்டல் பேலஸ் மைதானம். மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் கான்டோனா சிவப்பு கார்டு வாங்கி வெளியே நடந்துட்டிருக்கார். கூட்டத்துல ஒருத்தர் முன்னாடி ஓடி வந்து திட்ட, கான்டோனா தடுப்பைத் தாண்டிப் பறந்து ஒரு உதை விடுறார்.

இதுக்குக் கிடைச்ச தண்டனையை எண்ணிப் பாருங்க. கிளப் தானாவே சீசன் முடியும் வரைக்கும் தடை போட்டு, 20,000 பவுண்ட் அபராதமும் விதிச்சது. அதோட சங்கம் விட்டுடும்னு கிளப் நினைச்சது. ஆனா இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்ஏ, தடையைச் செப்டம்பர் 30 வரைக்கும் நீட்டி இன்னும் 10,000 பவுண்ட் போட்டது. நீதிமன்றம் ரெண்டு வாரம் சிறைன்னு சொல்லி, அப்பீல்ல அது 120 மணி நேர சமூக சேவையா மாறினது. பிரான்ஸ் அணியோட கேப்டனா இருந்தவர், அதுக்கப்புறம் பிரான்ஸுக்கு ஆடவே இல்ல. ஒரு உதை, நாலு பக்கத்துல இருந்து அடி.

அவர் செஞ்சது சரின்னு நான் சொல்லல. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற ஆளை ஆட்டக்காரர் உதைக்கக் கூடாது, அதுல பேச்சே இல்ல. ஆனா கிளப், சங்கம், நீதிமன்றம் மூணும் ஒரே செயலைத் தனித்தனியா எடைபோடும்போது, மொத்தக் கணக்கை யாரும் கூட்டிப் பார்க்கிறதில்ல. ஷூமாக்கருக்கு சைபர். கான்டோனாவுக்கு எட்டு மாசம். நடுவுல சட்டம் இவ்வளவு மாறினதா? கொஞ்சம் மாறினது. அதை விட அதிகமா மாறினது கேமராவும் தலைப்புச் செய்தியும்.

2013: ஒரு மாசத்துல ரெண்டு முகம்

இப்போ ஆரம்பிச்ச இடத்துக்கு வருவோம். ஆன்ஃபீல்ட் கடிக்கு ஒரு மாசம் முன்னாடி, 2013 மார்ச் 17. விகன், நியூகாஸில் மேட்ச். விகனின் மெக்மனமன் பாய்ஞ்சு வந்து போட்ட டேக்கிள்ல அவரோட ஷூ நியூகாஸிலின் ஹைடாராவோட முழங்காலில் பதிஞ்சது. ஸ்ட்ரெச்சர்ல போனார் ஹைடாரா. ரெஃப்ரி ஃபவுல் கூட தரல.

எஃப்ஏ என்ன செஞ்சது? ஒண்ணும் செய்யல. காரணம், மைதானத்துல இருந்த அதிகாரிகளில் ஒருத்தர் அந்த மோதலைப் பார்த்திருந்தார். முழு வீரியத்தைப் பார்க்காட்டியும், பார்த்தார். அதனால கோப்பு மூடியாச்சு. ஒரு மாசம் கழிச்சு, யாருமே பார்க்காத கடிக்கு 10 மேட்ச். வன்முறைக்கு வழக்கமான தடை 3 மேட்ச்தான். அது போதாதுன்னு விசாரணைக் குழு கூட 7 சேர்த்தது. விசாரணைக்கு முன்னாடியே பிரதமர் அலுவலகம் வேற, நட்சத்திர வீரர்கள் முன்னுதாரணமா இருக்கிறவங்க, அதையும் கணக்கில் எடுத்துக்கிட்டா புரிஞ்சுக்கக்கூடியதுதான்னு கருத்து சொன்னது. ஹைடாரா முழங்காலுக்காக எந்தப் பிரதமர் அலுவலகமும் பேசின மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

ரெஃப்ரியின் அதிகாரத்தைக் காப்பாத்தணும்னுதான் அந்த விதியை வெச்சாங்க. ஒவ்வொரு திங்கட்கிழமையும் டிவி பார்த்து முடிவுகளை மாத்த ஆரம்பிச்சா, மைதானத்துல ரெஃப்ரியை யார் மதிப்பாங்க? நல்ல எண்ணம்தான். ஆனா நடைமுறையில் அது, அரைகுறையா பார்த்தா குற்றவாளிக்குக் கவசம்னு ஆகிடுச்சு. அந்த ரெண்டு சம்பவத்துக்கும் அப்புறம், 2013-14 சீசன்ல இருந்து எஃப்ஏ இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினது.

எட்டா, நாலா, பத்தா?

இப்போ கஷ்டமான பகுதி. இனவெறிப் பேச்சு.

2011 அக்டோபர் 15, இதே சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைடெட்டின் பத்ரீஸ் எவ்ராவை நிறத்தைச் சொல்லிப் பேசினார்னு புகார். எஃப்ஏ விசாரணைக் குழு 115 பக்கத்துல அறிக்கை எழுதி, 8 மேட்ச் தடையும் 40,000 பவுண்ட் அபராதமும் விதிச்சது. எட்டே நாள் கழிச்சு, அக்டோபர் 23ல, செல்சி கேப்டன் ஜான் டெர்ரி, க்யூபிஆரின் ஆண்டன் ஃபெர்டினாண்டை அதே மாதிரி பேசினார்னு புகார். நீதிமன்றம் 2012 ஜூலையில் டெர்ரியை விடுதலை செய்தது. எஃப்ஏ செப்டம்பர்ல குற்றவாளின்னு சொல்லி 4 மேட்ச் தடையும் 220,000 பவுண்ட் அபராதமும் போட்டது.

அன்னைக்கு எல்லாரும் கேட்ட கேள்வி ரெண்டு. நீதிமன்றம் விட்ட ஆளை எஃப்ஏ எப்படிப் பிடிக்கலாம்? அதே குற்றத்துக்கு சுவாரெஸுக்கு 8, டெர்ரிக்கு எப்படி 4?

முதல் கேள்விக்குப் பதில் இருக்கு. குற்றவியல் நீதிமன்றத்துல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். எஃப்ஏ குழுவுக்கு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சா போதும். தராசு வேற, அதனால தீர்ப்பு வேற. ரெண்டாவது கேள்விக்கும் குழு எழுத்துல பதில் சொன்னது. சுவாரெஸ் அந்த வார்த்தையைப் பல தடவை பயன்படுத்தினார்னு குழு ஏத்துக்கிட்டது, டெர்ரி ஒரே தடவை. இந்தப் பதில் பிடிக்குதா இல்லையாங்கிறது வேற. ஆனா பதில் இருக்கு, படிக்கலாம், எதிர்த்துப் பேசலாம். காரிஞ்சா காலத்துல இது கிடையாது.

எனக்கு உறுத்துறது மூணாவது எண். இனவெறிக்கு 8, கடிக்கு 10, அதுவும் ஒரே ஆளுக்கு, ஒரே சங்கத்துல. கடின்னா உடம்புல தழும்பு, வீடியோவில் பல் தெரியும். வார்த்தைக்கு வீடியோ கிடையாது, ஒருத்தர் சொல்லுக்கு எதிரா இன்னொருத்தர் சொல். கண்ணுக்குத் தெரியிற காயத்துக்கு அதிக விலை, தெரியாத காயத்துக்குக் குறைச்சல்னு ஆகிடக் கூடாது. 2013 மே மாசம் எஃப்ஏ இனவெறிக்குக் குறைந்தபட்சம் 5 மேட்ச்னு விதி கொண்டுவந்தது. ஐரோப்பிய சங்கமான யுஏஃபா அதே மாசம் குறைந்தபட்சம் 10ன்னு முடிவு செய்தது. பாருங்க, அன்னைக்கு விதிப்படி ஒரே வார்த்தை சனிக்கிழமை லீக்ல சொன்னா 5, புதன்கிழமை ஐரோப்பியக் கோப்பையில் சொன்னா 10.

தலையால முட்டினா மூணு, பல்லால கடிச்சா ஒன்பது

உலகக் கோப்பைக்கு வருவோம். 2006 ஜூலை 9, பெர்லின், இறுதிப் போட்டி. ஜிடேன் இத்தாலியின் மாடராஸியின் மார்பில் தலையால முட்டினார். ஃபிஃபா ஜிடேனுக்கு 3 மேட்ச் தடையும் 7,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் போட்டது. வாயால தூண்டிவிட்ட மாடராஸிக்கு 2 மேட்ச், 5,000 ஃபிராங்க். ஜிடேன் அதோட ஓய்வு பெற்றுட்டதால தடைக்கு அர்த்தமே இல்ல, பதிலுக்கு மூணு நாள் சமூக சேவை. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தும் அவருக்குத்தான்.

2014 ஜூன் 24, பிரேசிலின் நடால். சுவாரெஸோட மூணாவது கடி, இந்தத் தடவை இத்தாலியின் கியெலினி. 9 சர்வதேச மேட்ச் தடை, நாலு மாசம் கால்பந்து தொடர்பான எந்த வேலையும் செய்யக் கூடாது, 1 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம். கடி வாங்கின கியெலினியே இது அதிகம்னு சொன்னார். சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் தடையை உறுதி செய்தது. ஆனா பயிற்சி கூட எடுக்கக் கூடாதுங்கிறது அளவு மீறினதுன்னு சொல்லி அதை மட்டும் நீக்கினது.

மூணாவது தடவை செஞ்சவருக்கு அதிகத் தண்டனைங்கிறது நியாயம்தான். எந்தச் சட்டத்துலயும் அப்படித்தான். இங்க எனக்குப் பிடிச்ச விஷயம் அந்த அப்பீல். தண்டனை சரி, அதுல இந்த ஒரு பகுதி மட்டும் அதிகம்னு பிரிச்சுச் சொன்னாங்க. கோடு ரிவ்யூல நல்ல சீனியர் ஒருத்தர் செய்யிற வேலை இதுதான். மொத்தத்தையும் தூக்கிப் போடாம, எந்த வரி தப்புன்னு காட்டுவார்.

2025: டப்ளின்

கார்டு வந்தாச்சு, வீடியோ வந்தாச்சு, விதிப்புத்தகம் தடிமனாச்சு, அப்பீல் மன்றம் இருக்கு. அப்போ காரிஞ்சா கதை இனி நடக்காதுன்னு நினைக்கிறீங்களா?

2025 நவம்பர் 13, டப்ளின். அயர்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், முழங்கையை வீசினதுக்காக கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு சிவப்பு கார்டு. போர்ச்சுகலுக்கு ஆடின 226 மேட்ச்ல அவருக்கு இதுதான் முதல் சிவப்பு. முழங்கைத் தாக்குதலுக்கு ஃபிஃபா விதியில் குறைந்தபட்சம் 3 மேட்ச். அடுத்து ஆர்மீனியா மேட்ச்ல அவர் வெளியே உட்கார்ந்தார், ஒண்ணு கழிஞ்சது. மீதி ரெண்டும் 2026 உலகக் கோப்பையின் முதல் ரெண்டு ஆட்டத்துல விழணும். ஃபிஃபா 3 மேட்ச்னு தீர்ப்பு எழுதிட்டு, அதுல ரெண்டை ஒரு வருஷ நன்னடத்தை நிபந்தனையோட நிறுத்தி வெச்சது. அதாவது, உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்துல இருந்தே ஆடலாம்.

இது விதிமீறலா? இல்ல. தண்டனையின் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கிற அதிகாரம் விதிப்புத்தகத்துலயே இருக்கு. இத்தனை வருஷம் சுத்தமா ஆடினவருக்குச் சலுகைங்கிற வாதத்துலயும் பொருள் இருக்கு. ஆனா என் கேள்வி ஒண்ணுதான்: இதே முழங்கையை, இதே சுத்தமான பதிவோட, டிக்கெட் விற்காத ஒரு சின்ன நாட்டுத் தடுப்பாட்டக்காரர் வீசியிருந்தா, இந்தக் கதவு அவருக்கும் திறந்திருக்குமா? ஆமான்னு உங்களால உடனே சொல்ல முடிஞ்சா, அந்த முடிவு நியாயம். யோசிக்க வேண்டியிருந்தா, அந்தத் தயக்கம்தான் பதில்.

1962ல விதி இல்லாததால் நட்சத்திரம் இறுதிப் போட்டி ஆடினார். 2025ல விதி இருந்தும், விதிக்குள்ள இருந்த ஒரு அட்மின் ஓவர்ரைடு வழியா நட்சத்திரம் உள்ளே வர்றார்.

அப்போ நியாயமா, இல்லையா?

ஒரே தப்புக்கு எப்பவும் ஒரே எண்ணிக்கைங்கிறதை நான் எதிர்பார்க்கல. முதல் தடவைக்கும் மூணாவது தடவைக்கும் வித்தியாசம் இருக்கணும். ஒரு வார்த்தைக்கும் ஏழு தடவை சொன்ன வார்த்தைக்கும் வித்தியாசம் இருக்கணும். சீரான தண்டனைன்னா அச்சு எடுத்த மாதிரி ஒரே தண்டனை இல்ல. வித்தியாசம் எங்க வருதோ, அங்க அதுக்கான காரணம் குற்றத்துக்குள்ள இருக்கணும். ஆளோட பேர்ல, மேட்ச்சோட மவுசுல, கேமரா ஆங்கிள்ல இருக்கக் கூடாது.

இந்த அளவுகோலை வெச்சா ஒவ்வொரு வழக்கும் தெளிவாகுது. சுவாரெஸுக்கு 8, டெர்ரிக்கு 4: காரணம் குற்றத்துக்குள்ள இருக்கு, எழுதியும் வெச்சாங்க, அதனால தாங்கிக்கலாம். டெஃபோவும் சுவாரெஸும்: வித்தியாசத்துல பெரும்பகுதி ரெஃப்ரியின் கண்ணுல இருக்கு, அது நியாயம் இல்ல. காரிஞ்சா: குற்றத்துக்கு வெளியே. ரொனால்டோ: பதிவு சுத்தம்ங்கிறது ஒரு காரணம், ஆனா அது யாருக்கெல்லாம் பொருந்தும்னு அடுத்த ஆள் வரும்போதுதான் தெரியும்.

இன்னொரு உதாரணம் பாருங்க. 2023 மார்ச்ல ரெண்டு வார இடைவெளியில் ரெண்டு சம்பவம். ஆன்ஃபீல்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் புரூனோ ஃபெர்னாண்டஸ் துணை ரெஃப்ரி மேல கை வெச்சுத் தள்ளின மாதிரி இருந்தது. நடவடிக்கை இல்ல. ஃபுல்ஹாமின் மிட்ரோவிச் ரெஃப்ரியைப் பிடிச்சுத் தள்ளினார், 8 மேட்ச். மிட்ரோவிச் செஞ்சது ரொம்ப மோசம், ஒத்துக்கிறேன். எட்டுக்கும் சைபருக்கும் நடுவுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்கள் இருக்கேங்கிறதுதான் என் கேள்வி. 'ஒண்ணுமில்ல'ன்னு விடும்போது அதுக்கும் காரணம் எழுதணும். தண்டனைக்கு 115 பக்கம் எழுதுறவங்க, தண்டிக்காததுக்கு ஒரு பக்கம் எழுதலாமே.

சனிக்கிழமை ராத்திரி டர்ஃப்ல ஆடுறவங்க நிறைய பேர் இதைக் கேக்குறீங்க, படிக்கிறீங்க. அங்க ரெஃப்ரி கூட கிடையாது. யார் நல்லா ஆடுவாங்களோ அவங்க ஃபவுல் பண்ணா "விடுடா, மேட்ச் போகட்டும்"ங்கிறோம். புதுசா வந்த பையன் பண்ணா "என்னடா ஆடுற"ங்கிறோம். ஆபீஸ்லயும் இதே கதைதான். நல்லா கோடு எழுதுற ஆள் மீட்டிங்ல கத்தினா அது 'பேஷன்', புதுசா சேர்ந்தவர் கத்தினா அது 'ஆட்டிட்யூட் பிராப்ளம்'. ஃபிஃபாவைக் கேக்குற கேள்வியை அங்கேயும் கேக்கலாம்.

கால்பந்து இந்த அறுபது வருஷத்துல நிறைய கத்துக்கிட்டது. தண்டனை கண்ணுக்குத் தெரியுது, காரணம் எழுத்துல இருக்கு, அப்பீல் இருக்கு. பத்திஸ்தோன் இன்னைக்கு அப்படி விழுந்தா கோல் கிக்கோட முடியாது, யாராவது ஒருத்தர் வீடியோவைப் பார்ப்பாங்க. அது சின்ன விஷயம் இல்ல. மிச்சம் இருக்கிறது ஒண்ணு: பெரிய பேர் முன்னாடி நிக்கும்போதும் விதிப்புத்தகம் அதே பக்கத்துல திறக்கணும்.

உங்க டீம் வீரருக்குக் கிடைச்சதிலேயே ரொம்ப அநியாயம்னு நீங்க நினைக்கிற தண்டனை எது? எதிரணிக்காரர் தப்பிச்சதை அனுப்பாதீங்க, அது எல்லார்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கும். உங்க டீம் ஆளு தப்பிச்சதையும் சேர்த்து ஒண்ணு எழுதி அனுப்புங்க. அதுதான் உண்மையான டெஸ்ட் கேஸ். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.